பதிவேட்டில் இல்லாத மாணவன்: ஓர் அகதி வழக்கும் சேலத்துப் பள்ளி ஒன்றும்

இது 2012–13-இல் நடந்தது. சம்பந்தப்பட்டவர்களின் பெயர், முகாமின் பெயர், பள்ளியின் பெயர் எதுவும் இங்கே வராது. அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். நான் சேலம் நீதிமன்றத்தில் விபத்து இழப்பீடு, பாகப்பிரிவினை என்று வாய்தா வாங்கிக்கொண்டிருக்கும் வழக்கறிஞர். அகதிச் சட்டம் என் தொழில் அல்ல. முகாமில் ஒரு குடும்பத்துக்குச் சில காகிதங்கள் திரட்டிக் கொடுக்கப் போனேன், அவ்வளவுதான். அதில் நடந்த பெரிய தவறு என்னுடையது என்பதால் எழுதி வைக்கிறேன்.

பின்னணி

1990 ஜூனில் இலங்கையில் போர் மறுபடி மூண்டது. மன்னார்ப் பக்கம் ஒரு மீனவக் குடும்பம். கணவரைச் சோதனைச் சாவடியில் பிடித்துப் போனார்கள், திரும்பி வரவில்லை. அடுத்த சில வாரத்தில் மனைவி ஒன்றரை வயதுப் பையனோடு படகேறி இராமேசுவரம் வந்தார். மண்டபம் முகாமில் பதிவு செய்து, பிறகு சேலம் மாவட்டத்தில் ஓமலூர்ப் பக்கம் ஒரு முகாமுக்கு அனுப்பினார்கள். கடலையே பார்த்து வளர்ந்தவர், மரவள்ளிக் கிழங்குக் காட்டுக்கு நடுவே பத்துக்குப் பத்து அறையில் குடியேறினார்.

பையன் 1994-இல் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தான். 2002-இல் எட்டாம் வகுப்பு முடித்து மாற்றுச் சான்றிதழ் வாங்கினான். ஒன்பதாவதுக்குப் போகவில்லை. முகாம் இளைஞர்கள் பலரையும் போல பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போனான். 2006-இல் இலங்கையில் சண்டை வலுத்தபோது அவனுடைய சித்தப்பா குடும்பம் புதிதாக வந்து அதே முகாமில் சேர்ந்தது. இந்த 2006 பின்னால் பெரிய வினையாக வரப்போகிறது.

முகாமில் பதிவு உண்டு, மாத உதவித்தொகை உண்டு, அரிசி உண்டு, குடியுரிமை இல்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. ஒருவர் அகதியா இல்லையா என்று விசாரித்துச் சொல்லும் தீர்ப்பாயமும் இங்கே கிடையாது. அதனால் வெளிநாட்டில் அப்படி ஒன்று எப்படி நடக்கும் என்பது முகாம்காரர்களுக்கும் தெரியாது, என்னைப் போன்ற வக்கீல்களுக்கும் தெரியாது.

2012 பிப்ரவரியில் அவன் படகில் ஆஸ்திரேலியாவின் கிறிஸ்துமஸ் தீவுக்குப் போய்ச் சேர்ந்தான். வயது 23. தாய்க்கே விஷயம் பத்து நாள் கழித்துத்தான் தெரியும்.

முதல் மறுப்பு

தீவில் இறங்கியதும் நடக்கும் முதல் நேர்காணலில், மொழிபெயர்ப்பாளர் மூலம், எப்போது இந்தியா வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ‘நாங்க தொண்ணூறுல, சித்தப்பா ஆக்கள் ரெண்டாயிரத்து ஆறுல’ என்று சொன்னதாக அவன் சொல்கிறான். பதிவில் இருந்தது ஒரே எண்: 2006.

பிறகு அகதிகளுக்கான பாதுகாப்பு விசாவுக்கு விரிவான வாக்குமூலம் கொடுத்தபோது 1990 என்று எழுதினான். குடிவரவுத் துறை அதிகாரி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 1990-இலிருந்து 2006 வரை எங்கே இருந்தார் என்பதை இவர் மறைக்கிறார். அந்தப் பதினாறு வருடமும் புலிகள் வசமிருந்த வன்னியில் இருந்திருக்கலாம். ஆகவே மற்ற விஷயங்களிலும் நம்பகமானவர் அல்ல. செப்டம்பரில் விசா மறுக்கப்பட்டது.

தந்தை காணாமற்போனது, தாய்மாமன் ஒருவர் இயக்கத்தில் இருந்தது, இலங்கை அடையாள அட்டையே எடுக்காமல் ஓர் ஆள் வளர்ந்தது எல்லாம் அந்த ஒற்றை எண்ணில் தொங்கிக்கொண்டிருந்தன. குழந்தையாக இந்தியா வந்தவனிடம் இலங்கை அடையாள அட்டை இல்லாதது இயல்பு. பதினேழு வயதில் வந்தவனிடம் இல்லாவிட்டால் ஏன் இல்லை என்ற கேள்வி எழும்.

தீர்ப்பாயத்தின் வேலை

அன்று அங்கே அகதிகள் மறுஆய்வுத் தீர்ப்பாயம் இருந்தது. மறுப்பு கிடைத்த 28 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும்; செய்தார்கள். மெல்பர்னில் குடிவரவுச் சட்டம் பார்க்கும் முகவர் ஒருவர் வழக்கை எடுத்தார். முகாமில் தெரிந்தவர் வழியாக அவர் என்னைத் தொடர்பு கொண்டார்.

அவரிடம் நான் முதலில் கேட்டது, ‘எதிர்த்தரப்பு வக்கீல் யார்?’ யாரும் இல்லை என்றார். அங்கே குறுக்கு விசாரணை கிடையாது, எதிர்வழக்கு கிடையாது. தீர்ப்பாய உறுப்பினர் ஒருவரே கேள்வி கேட்பார், அவரே முடிவெழுதுவார். ‘அப்படியென்றால் உண்மையைத் தேடிக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை’ என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். நம் உரிமையியல் நீதிமன்றத்தில் சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்துவது கட்சிக்காரர் பாடு. அங்கே நீதிபதியே விசாரிப்பார் என்றால் பாரம் அவர் தலையில்தானே?

அப்படி இல்லை. அன்றைய குடிபெயர்வுச் சட்டத்தின் 424-ஆம் பிரிவு, தீர்ப்பாயம் தனக்குத் தேவை என்று படுகிற தகவலைப் ‘பெறலாம்’ என்றுதான் சொன்னது. 427-ஆம் பிரிவில், துறையின் வழியாக விசாரணைக்கு ஏற்பாடு செய்யவும் அதிகாரம் உண்டு. அதிகாரம் வேறு, கடமை வேறு. கடமை எப்போது வரும் என்பதைப் பற்றி அந்நாட்டு நீதிமன்றங்கள் 1985-இலிருந்து பேசி வருகின்றன. 2009 செப்டம்பரில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் (அங்கே அதுதான் உச்சம்) வழக்குப் பட்டியலில் எஸ்.இசட்.ஐ.ஏ.ஐ. என்ற எழுத்துகளால் குறிக்கப்படும் மனுதாரர் வழக்கில் எல்லையைச் சொன்னது: பொதுவாக விசாரித்து அறியும் கடமை என்று ஒன்று கிடையாது, ஆனால் வழக்கின் உயிர்நாடியான ஒரு விஷயம், எளிதில் தெரிந்துகொள்ளக்கூடியது, கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றக்கூடியது, அதைக் கேட்காமலே விட்டால் சில சமயம் மறுஆய்வே நடக்கவில்லை என்று ஆகலாம். ‘சில சமயம்’, ‘ஆகலாம்’. அவ்வளவு மெல்லிய நூல் அது.

நமக்கு இது புரியாத விஷயம் அல்ல. கோவலன் கையிலிருந்த சிலம்புக்குள் இருப்பது முத்தா மாணிக்கமா என்று பாண்டியன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். உயிர்நாடியான விஷயம், உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், கேட்கவில்லை. எனக்கு இந்த உதாரணம் அப்போதே தோன்றியது; தோன்றியதில் கொஞ்சம் கர்வமும் வந்தது. அந்தக் கர்வம்தான் என்னைத் தவறு செய்ய வைத்தது என்று இப்போது நினைக்கிறேன்.

விசாரணை நாள் வரை நாங்கள் செய்தது

முதலில் எனக்குக் கைவந்த வேலையைச் செய்தேன். முகாமில் பதினொரு பேரிடம் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, நோட்டரி முத்திரை குத்தி, மெல்பர்னுக்கு அனுப்பினேன். எல்லாம் ஒரே வாசகம்: ‘இன்னாரை நான் 1990 முதல் அறிவேன்.’ என் குமாஸ்தா ஒரே கோப்பில் பெயரை மட்டும் மாற்றி அடித்தது படிக்கிற எவருக்கும் தெரியும். முகவர் நாசூக்காக, ‘பதினொரு பேரும் ஒரே மாதிரி பேசுகிறார்களே’ என்றார்.

முகாம் அலுவலகப் பதிவு இருந்திருந்தால் ஒரே காகிதத்தில் வேலை முடிந்திருக்கும். அதைத் தொடக் கூடாது என்று தாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மகன் காணவில்லை என்றதும் கணக்கெடுப்பில் அவன் பெயரை அட்டையிலிருந்து அடித்துவிட்டார்கள். காவல்துறையின் உளவுப் பிரிவான கியூ பிராஞ்சிலிருந்து இரண்டு முறை வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ‘சேர், அவனுக்கு ஒரு காகிதம் எடுக்கப் போய் எனக்கு இருக்கிற காகிதமும் போயிரும்’ என்றார். அந்தப் பயத்தை எடை போடும் உரிமை எனக்கு இல்லை என்று விட்டுவிட்டேன். அந்த முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

மிச்சம் இருந்தது 2002-ஆம் வருட மாற்றுச் சான்றிதழ். தாயின் தகரப் பெட்டியில், கல்யாணப் புகைப்படத்துக்கும் ரேஷன் அட்டைக்கும் நடுவே, பிளாஸ்டிக் உறையில் இருந்தது. சேர்க்கை எண் 412. சேர்ந்த தேதி 1994 ஜூன். தலைமையாசிரியர் கையெழுத்து, ஊதா மையில் பாதி அழிந்த முத்திரை. ஸ்கேன் எடுத்து அனுப்பினோம்.

2013 ஜனவரியில் தீர்ப்பாய விசாரணை. உறுப்பினர் ஒளிவுமறைவில்லாமல் பேசியிருக்கிறார். 2006 என்ற பதிவு தனக்கு உறுத்துகிறது, இந்தப் பகுதியில் போலிச் சான்றிதழ் எளிதில் கிடைக்கிறது என்ற தகவல்களும் தன்னிடம் இருக்கின்றன, ஆகவே இந்தச் சான்றிதழை மட்டும் வைத்துத் தீர்மானிக்கத் தயக்கம் இருக்கிறது என்று நேராகவே சொன்னார். இது சலுகை அல்ல, நடைமுறை நியாயத்தின் பகுதி. எது சந்தேகம் என்று சொல்லாமல் வேறொன்றைப் பேசவிட்டு, முடிவில் சந்தேகத்தை எழுதுவது செல்லாது என்று 2006-இல் ஒரு ஈரானிய மாலுமியின் வழக்கில் அதே உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. மேற்கொண்டு சான்று கொடுக்க இரண்டு வாரம் கிடைத்தது.

என் யோசனை

அந்த இரண்டு வாரத்தில் நான் பள்ளிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அந்த வாரம் எனக்கு ஒரு விபத்து வழக்கில் சாட்சி விசாரணை இருந்தது என்பது உண்மை. அது மட்டுமே காரணம் அல்ல என்பதும் உண்மை.

முகவருக்கு எழுதினேன்: பள்ளியின் பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாம் தருகிறேன், தீர்ப்பாயமே நேராகக் கேட்டுக்கொள்ளட்டும். கேட்டால் உண்மை தெரியும். கேட்காவிட்டால், எளிதில் தெரிந்துகொள்ளக்கூடிய உயிர்நாடி விஷயத்தைக் கேட்கவில்லை என்று நீதிமன்றத்துக்குப் போகலாம். இரண்டில் எது நடந்தாலும் நமக்கு லாபம்.

முகவர் தொலைபேசியில் கேட்டார்: ‘அந்தப் பள்ளி உங்களுக்குத் தெரியுமா?’

‘தெரியும்’ என்றேன். எனக்குத் தெரிந்தது, ஓமலூர்ப் பக்கம் போகும்போது பேருந்திலிருந்து பார்த்த மஞ்சள் சுவரும் கேட்டும். மின்னஞ்சல் முகவரியை ஒரு ஆசிரியரிடம் வாங்கினேன்.

பள்ளிக்குப் போன மின்னஞ்சல்

தீர்ப்பாயம் கேட்டது. மார்ச் தொடக்கத்தில், பையனின் எழுத்துபூர்வமான சம்மதத்தோடு, பள்ளிக்கு மின்னஞ்சல் போனது. அகதி என்றோ விசா என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை. இணைப்பில் உள்ள சான்றிதழ் உங்கள் பள்ளி கொடுத்ததா, இந்த எண்ணில் இந்த மாணவர் படித்தாரா, இரண்டே கேள்வி.

தலைமையாசிரியர் இரண்டு நாளில் பதில் அனுப்பிவிட்டார். அரசுப் பள்ளி பதில் போட ஒரு மாதம் ஆகும் என்று நினைத்திருந்தேன். பதில் இதுதான்: எங்கள் சேர்க்கைப் பதிவேட்டில் அப்படி ஒரு மாணவர் இல்லை, 412 என்ற எண் 2007-இல் சேர்ந்த ஒரு மாணவிக்கு உரியது, இணைத்துள்ள முத்திரையும் எங்கள் பள்ளி முத்திரை அல்ல.

மூன்று வரி. மூன்றும் உண்மை.

தீர்ப்பாயம் அதை வைத்து உடனே முடிவெழுதிவிடவில்லை. எழுதவும் முடியாது. மறுப்புக்குக் காரணமாகக்கூடிய தகவல் கையில் வந்தால் அதைத் தெளிவாகச் சொல்லி, அது ஏன் பாதகம், நம்பினால் என்ன ஆகும் என்று விளக்கி, மனுதாரரின் பதிலைக் கேட்க வேண்டும் என்பது அன்று 424ஏ பிரிவு. அந்தக் கடிதம் முகவருக்கு வந்தது. தலைமையாசிரியரின் பதில் அப்படியே எடுத்தெழுதப்பட்டிருந்தது. சான்றிதழ் போலி என்று முடிவு செய்ய இது காரணமாகலாம், அப்படியானால் 1990 முதல் இந்தியாவில் இருந்தீர்கள் என்பதையும் உங்கள் மற்ற கூற்றுகளையும் நம்ப முடியாமல் போகலாம். பதிலுக்குப் பதினான்கு நாள்.

பையன் அன்றிரவு எனக்குப் போன் செய்தான். ‘சார், நான் அங்கதான் படிச்சேன். வேற என்ன சார் சொல்றது?’

சரியாக அந்தப் பதில்தான் 2009 வழக்கில் மண்ணைக் கவ்வியது. அந்த மனுதாரர் வங்கதேசத்துக்காரர். அகமதியா சமயத்தைச் சேர்ந்தவர் என்று சான்றிதழ்கள் கொடுத்திருந்தார். தீர்ப்பாயம் ஆஸ்திரேலியாவில் உள்ள அகமதியா அமைப்பிடம் கேட்டது. அது வங்கதேசத்தில் கேட்டு, சான்றிதழ்கள் போலி என்று பதில் வந்தது. மனுதாரருக்கு இதே மாதிரிக் கடிதம் போனது. அவர் தரப்பு, போலி அல்ல என்று மறுத்ததோடு நின்றுவிட்டது. சான்றிதழில் இருந்த தொலைபேசி எண்ணைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே என்ற வாதம் கடைசியில் எடுபடவில்லை. கேட்டிருந்தால் புதிதாக ஏதும் தெரிந்திருக்கும் என்று காட்ட எந்த ஆதாரமும் இல்லை என்று உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. தீர்ப்பாயத்தை மேலும் விசாரிக்க வைக்க வேண்டுமானால், விசாரித்தால் என்ன கிடைக்கும் என்பதை நாம்தான் முதலில் காட்ட வேண்டும்.

முகவர் என்னைத் திட்டவில்லை. ‘இப்போது போவீர்களா?’ என்று மட்டும் கேட்டார்.

வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம்

திங்கட்கிழமை காலை தாயையும் அழைத்துக்கொண்டு போனேன். தலைமையாசிரியர் நல்ல மனிதர். இரண்டு வருடம் முன்புதான் மாற்றலாகி வந்தவர். பதிவேட்டை எடுத்து என் முன்னே விரித்தார். 412-இல் ஒரு பெண் பிள்ளையின் பெயர். ‘பாருங்க சார், நான் இருக்கிறதைத்தானே எழுத முடியும்?’ என்றார்.

பெயரைத் தேடியபோது இன்னொரு சிக்கல் தெரிந்தது. தீர்ப்பாயத்தின் கடிதத்தில் பையனின் பெயராக முன்னால் நின்றது அவனுடைய அப்பா பெயர். இங்கே நமக்கு அப்பா பெயர் ஒரு இன்ஷியல். அங்கே படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்பதால் அப்பா பெயரை அதில் போட்டிருந்தார்கள். தலைமையாசிரியர் அப்பாவின் பெயரில் ஒரு மாணவனைத் தேடியிருக்கிறார். காணாமற்போன மனிதரை ஓமலூர்ப் பள்ளிப் பதிவேட்டில் தேடியது போல ஆகிவிட்டது.

சரியான பெயரைச் சொல்லித் தேடினோம். அப்போதும் இல்லை. பதிவேட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். முதல் சேர்க்கை 2004 ஜூன்.

சத்துணவுக் கூடத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்த ஆயாதான் சொன்னார்: ‘அந்தக் காலத்து நோட்டெல்லாம் சின்னப் பள்ளிக்கூடத்துல இருக்குதுங்க. இது அப்ப ஹைஸ்கூலே கிடையாதுங்களே.’

2004-இல் நடுநிலைப்பள்ளி அரசு உயர்நிலைப்பள்ளியாகத் தரம் உயர்ந்திருக்கிறது. அப்படி உயரும்போது ஆறு முதல் எட்டு வரை உயர்நிலைப்பள்ளிக்குப் போகும். ஒன்று முதல் ஐந்து வரை ஒன்றியத் தொடக்கப்பள்ளியாகத் தனியே நிற்கும். தலைமையாசிரியரும் இரண்டு, நிர்வாகமும் இரண்டு. உயர்நிலைப்பள்ளி ஒன்றாம் எண்ணிலிருந்து புதுப் பதிவேடு தொடங்கும். பழைய பதிவேடு தொடக்கப்பள்ளியோடு தங்கிவிடும். இங்கே இரண்டு பள்ளிக்கும் நடுவே ஒரு வேப்பமரமும் இடுப்பளவுச் சுவரும்தான் இருந்தன. பழைய மஞ்சள் சுவரும் கேட்டும் அப்படியே இருந்ததால், பேருந்திலிருந்து பார்த்த எனக்கு அது ஒரே பள்ளி.

தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை பதிவேடு இருப்பதை ஒத்துக்கொண்டார், காட்ட மறுத்தார். உதவித் தொடக்கக் கல்வி அலுவலரின் அனுமதி வேண்டும். அவர் செய்தது சரி. வெள்ளைச் சட்டை போட்ட யாரோ வந்து கேட்டால் குழந்தைகளின் பதிவேட்டைத் திறந்து காட்டக் கூடாது. விண்ணப்பம் கொடுத்தோம். அலுவலர் கூட்டத்துக்குப் போயிருந்தார். மறுநாள் உள்ளூர் விடுமுறை. மூன்றாம் நாள் கையெழுத்து கிடைத்தது. பதினான்கில் ஏழு நாள் போயிருந்தது.

இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில், கோலப்பொடி டப்பாவுக்கும் பழைய தேசியக் கொடிக்கும் அடியில் இருந்தது. தடித்த அட்டை, முதுகில் காடாத்துணி ஒட்டியது. ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தது. 1994-ஆம் வருடப் பக்கத்தில் 412. பையன் பெயர், இன்ஷியல், அப்பா பெயர், பிறந்த தேதி, முகவரியில் முகாம், குறிப்புக் கட்டத்தில் சிவப்பு மையில் ‘இலங்கை அகதி’. எல்லாவற்றையும் விட என் கண் போய் நின்றது தந்தையின் தொழில் என்ற கட்டத்தில்தான். அந்தப் பக்கம் முழுக்க மேலிருந்து கீழ்வரை கூலி, நெசவு, விவசாயம், கூலி, நெசவு. நடுவே ஒரே ஒரு வரியில்: மீன்பிடி.

தாய் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். ‘என்ன தொழில் எண்டு வாத்தியார் கேட்டவர். நான் சொன்னனான்’ என்றார்.

கிறிஸ்துமஸ் தீவு நேர்காணலில், 2006 என்று தப்பாகப் பதிவான அதே தாளில், தந்தை மீனவர் என்றும் இருந்தது. பதினெட்டு வருடத்துக்கு முன்பு, விசா என்ற பேச்சே இல்லாத காலத்தில், ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் அதையே எழுதி வைத்திருக்கிறார். இதை யாரும் இட்டுக்கட்டியிருக்க முடியாது.

பதில் எப்படிப் போனது

கடைசி நாளுக்கு முந்தின நாள் பதில் போனது. மறுப்பு ஒரு வரியும் அதில் இல்லை. தலைமையாசிரியர் எழுதியது உண்மை என்று ஒத்துக்கொண்டே தொடங்கினோம். உயர்நிலைப்பள்ளித் தலைமையாசிரியரே, தம் பதிவேடு 2004-இல் தொடங்குகிறது, அதற்கு முந்தையது தொடக்கப்பள்ளியில் இருக்கிறது, முத்திரையும் அப்போது வேறு என்று இரண்டாம் கடிதம் கொடுத்தார். தரம் உயர்த்திய அரசாணையின் நகலையும் அவரே எடுத்துத் தந்தார். பதிவேட்டுப் பக்கத்தின் சான்றிட்ட நகல், மற்றப் பிள்ளைகளின் பெயர்களை மறைத்து; ஆஸ்திரேலியாவில் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு; தமிழ்ப் பெயரில் இன்ஷியல் என்றால் என்ன என்று அரைப் பக்கம். தொடக்கப்பள்ளியின் தொலைபேசி எண்ணையும் கொடுத்தோம். இந்த முறை, எந்தப் பதிவேட்டில், எந்தப் பக்கத்தில், எந்தப் பெயரைத் தேட வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்தோம்.

அந்தப் பதினொரு உறுதிமொழிப் பத்திரங்களில் எட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். மிச்சம் மூன்று பேர், வகுப்பில் கூடப் படித்தவர்கள், தங்கள் வாயாலே சொன்னதைப் புதிதாக எழுதினோம். ஒருவன், மழைக்காலத்தில் வகுப்பறை ஒழுகியதால் வேப்பமரத்தடியில் பாடம் நடந்ததையும், இவன் மரத்திலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டதையும் சொல்லியிருந்தான். முகவருக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

முடிவு

ஏப்ரலில் இன்னொரு சிறு விசாரணை. தந்தையின் தொழிலையும் பள்ளியைப் பற்றியும் உறுப்பினர் கேட்டிருக்கிறார். மே மாதம் முடிவு வந்தது. 1990 முதல் இந்தியாவில் இருந்ததும், பள்ளியில் படித்ததும், தந்தை காணாமற்போனதும் ஏற்கப்பட்டன. 2006 என்ற பதிவு மொழிபெயர்ப்பில் நேர்ந்த குழப்பமாக இருக்கக்கூடும் என்று எழுதியிருந்தார். ஊரில் இன்றும் தன்னைத் தேடுகிறார்கள் என்று அவன் சொன்னதை நம்பவில்லை; அது கேள்விப்பட்ட பேச்சு என்று ஒதுக்கிவிட்டார். எனக்கும் அதில் நம்பிக்கை இருந்ததில்லை. மற்றவற்றைச் சேர்த்துப் பார்த்து, அவன் அகதி என்ற வரையறைக்குள் வருகிறான் என்ற உத்தரவோடு விஷயம் துறைக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. விசா கைக்கு வந்து சேர்வதற்குள் அங்கே ஆட்சி மாறி, விதி மாறி, இன்னும் நாள் இழுத்தது, அது தனிக்கதை.

தீர்ப்பாயம் தொடக்கப்பள்ளியைத் தொலைபேசியில் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. தலைமையாசிரியையிடம் பிறகு கேட்டேன், யாரும் பேசவில்லை என்றார். ஆவணமே பேசிவிட்டதால் தேவைப்பட்டிருக்காது.

இன்று செய்வதாக இருந்தால்

பள்ளிக்கு முதலில் போவேன். நம் ஊரில் குறுக்கு விசாரணைக்கு ஒரு பாடம் உண்டு: பதில் தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்காதே. அதை ஜூனியர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். தீர்ப்பாயத்தை விசாரிக்கச் சொல்வதும் கேள்வி கேட்பதுதான் என்று எனக்குத் தோன்றாமல் போனது. விசாரித்து அறியும் கடமையை மனுதாரரின் கேடயமாக நினைத்தேன். எங்களைக் காப்பாற்றியது, பாதகமான தகவலைக் காட்டிப் பதில் கேட்கும் கடமை. தீர்ப்பாயம் அதைச் செவ்வனே செய்யாமல் விட்டிருந்தால், மூன்று வரி உண்மையால் ஓர் உண்மையான சான்றிதழ் போலியாகியிருக்கும். அதற்கு வழி செய்து கொடுத்தது நான்.

அகதிகளுக்கான ஐ.நா. ஆணையத்தின் 1979-ஆம் ஆண்டுக் கையேடு, உண்மையை அறியும் பொறுப்பு மனுதாரருக்கும் விசாரிப்பவருக்கும் பொது என்கிறது. அந்தப் பாரத்தில் எங்கள் பங்கை நாங்கள் தூக்கிய பிறகுதான் அந்த வரி எனக்குச் சரியாகப் புரிந்தது.

பெயரைப் பற்றி முதல் மனுவிலேயே விளக்கம் சேர்ப்பேன். முதல் நேர்காணலின் பதிவை, முடிந்தால் ஒலிப்பதிவையும், மறுப்பு வந்த அன்றே கேட்டு வாங்கச் சொல்வேன். முகாம் அலுவலகத்தை இப்போதும் தொட மாட்டேன், தாய் சரி என்றால் ஒழிய.

இதைப் படித்துவிட்டு யாரும் பிரிவு எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தத் தீர்ப்பாயம் 2015 ஜூலை 1 முதல் நிர்வாக மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தோடு இணைந்தது. அதுவும் போய், 2024 அக்டோபர் 14 முதல் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயம் என்ற புது அமைப்பு வந்துவிட்டது. சட்டப் பிரிவுகளும் மாறிவிட்டன. இன்னொன்றும் உண்டு. 2012 ஆகஸ்ட் 13 முதல் படகில் போய் இறங்கியவர்கள் பின்னால் ‘விரைவுப் பாதை’ என்ற வேறு முறையில் போட்டுப் பார்க்கப்பட்டார்கள். அதில் மறுஆய்வு பெரும்பாலும் காகிதத்தின் மேலேயே நடந்தது, நேரில் விசாரணை இல்லை, புதிய ஆதாரத்தைச் சேர்ப்பதும் கடினம். இந்தப் பையன் ஆறு மாதம் தாமதமாகப் படகேறியிருந்தால் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பக்கம் அங்கேயே இருந்திருக்கும்.

சென்ற வருடம் வேறொரு வேலையாக அந்த உயர்நிலைப்பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியர் மாறியிருந்தார். சேர்க்கைப் பதிவேடு அதேதான். அட்டையின் உட்பக்கம் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. பழைய தலைமையாசிரியரின் கையெழுத்து. ‘2004 ஜூனுக்கு முந்தைய சேர்க்கை விவரம் கேட்போருக்கு: பக்கத்துத் தொடக்கப்பள்ளியில் கேட்கவும். இல்லை என்று எழுத வேண்டாம்.’